முட்டையின் சுவாசம்

பல்லடம் வட்டாரத்தில் விசைத்தறிக் கூடங்களும் கறிக்கோழிப் பண்ணைகளும் அடுத்தடுத்து அமைந்திருப்பதைக் காண்பவர்கள், மழை குறைந்த பூமியில் வெள்ளாமையை மட்டும் நம்பிக் காலந்தள்ள முடியாத மக்கள் தேடிக்கொண்ட இரு வேறு பிழைப்புகள் என்று அவற்றைக் கருதுவது இயற்கை. அக்கருத்து சரியானதே. ஆயினும் நூலுக்கும் முட்டைக்கும் உள்ளூற ஒரு பந்தம் உண்டு. நூற்பாலையில் பருத்தி நூல் அறுபடாமல் ஓடுவதற்கும், முட்டைக்குள் உறங்கும் கரு குஞ்சாகி ஓட்டை உடைத்துக்கொண்டு வெளிவருவதற்கும், சுற்றியுள்ள காற்றில் ஏறக்குறைய ஒரே அளவு ஈரம் வேண்டியிருக்கிறது. வீட்டில் அடைகாக்கும் யந்திரம் வைத்துக் குஞ்சு பொரிக்க முயல்கிறவர்களில் மிகப் பலர் உஷ்ணத்தைப் பற்றி எடுத்துக்கொள்ளும் கவலையில் பத்தில் ஒரு பங்கைக்கூட இந்த ஈரத்தின்பால் செலுத்துவதில்லை என்பதும், அவர்களுடைய ஏமாற்றங்களில் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

உடுமலைப்பேட்டையில் 1980-களில் சௌந்தரராஜன், சுந்தரராஜன் என்னும் சகோதரர்கள் சிறு அளவில் தொடங்கிய சுகுணா நிறுவனம், குஞ்சையும் தீவனத்தையும் மருந்தையும் தானே கொடுத்து வளர்ப்புக் கூலியை விவசாயிக்கு வழங்கும் ஒப்பந்த முறையைப் பின்னாளில் பரப்பிய பிறகு, இப்பிரதேசம் நாட்டின் கறிக்கோழித் தொழிலில் ஒரு முக்கிய கேந்திரமாயிற்று. கறிக்கோழியின் பண்ணைக் கொள்முதல் விலையை அறிவிக்கும் ஒருங்கிணைப்புக் குழுவும் பல்லடத்திலேயே இருக்கிறது. இத்தொழிலுக்குக் குஞ்சு தரும் பொரிப்பகங்களில் ஒரே யந்திரத்தில் பல்லாயிரம் முட்டைகள் அடுக்கப்படுகின்றன. அடையின் பிற்பாதியில் கருக்கள் தாமே வெளியிடும் உஷ்ணம் மிகுதியாகிவிடுவதால், அங்கே சூடேற்றுவதைக் காட்டிலும் குளிர்விப்பதே பெரிய வேலையாக அமைகிறது. அவை பொறியாளர்களின் உலகம். நான் இங்கே எடுத்துக்கொண்டது, பனியன் கம்பெனியில் ஷிப்டு முடித்து வீடு திரும்பும் ஒரு தொழிலாளி, புறக்கடையில் வளர்க்கும் நாலைந்து நாட்டுக்கோழிகளின் முட்டைகளை வைத்துப் பொரிப்பதற்காக, ஒரு தெர்மக்கோல் பெட்டியையும், ஒரு குண்டு பல்பையும், கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சிறு விசிறியையும், கடையில் மலிவாகக் கிடைக்கும் டிஜிட்டல் தெர்மோஸ்டாட்டையும் கொண்டு தன் கையாலேயே செய்துகொள்ளும் சின்னஞ்சிறு இன்குபேட்டரைப் பற்றி.

கோழியே அடைகாக்குமே, யந்திரம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டையிட்டதும், அதன் இரத்தத்தில் புரோலாக்டின் என்னும் சுரப்பு பெருகி, முட்டையிடுவதை நிறுத்திக்கொண்டு அடையில் படுத்துவிடுகிறது. அடை 21 நாள். அதன்பின் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு கொத்தித் திரிவது இரண்டு மூன்று மாதம். இவ்வளவும் முடிந்த பிறகுதான் அது மறுபடியும் முட்டைக்கு வருகிறது. ஆகையால் வருஷத்துக்கு அறுபது எழுபது முட்டைகளுக்குமேல் அதனிடம் எதிர்பார்ப்பதற்கில்லை. முட்டைகளை அப்போதைக்கப்போது எடுத்து யந்திரத்தில் வைத்துவிட்டால், கோழி விரைவில் அடை தெளிந்து மறு ஈட்டுக்கு ஆயத்தமாகிறது. பெருவிடைக் கோழிகளையும், கிளிமூக்கு விசிறிவால் ரகங்களையும் வளர்ப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: முட்டை ஒவ்வொன்றும் விலை மிகுந்தது; தாயோ உடல் கனத்தது; அது கூடையில் ஏறும்போதும் இறங்கும்போதும் மிதித்து உடைத்துவிடுவது உண்டு. முட்டைக்கென்றே வளர்க்கப்படும் வெள்ளை லெகார்ன் முதலிய ரகங்களுக்கோ, தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து இனவிருத்தி செய்ததன் விளைவாக, அடைகாக்கும் சுபாவமே பெரும்பாலும் அற்றுப்போயிற்று.

செயற்கை அடை புதிதன்று. எகிப்தியர்கள் எருக்குவியலில் முட்டைகளைப் புதைத்துப் பொரித்ததை அரிஸ்டாட்டில் குறித்து வைத்திருக்கிறார். பிற்காலத்தில் அந்நாட்டார் மண்ணாலும் செங்கல்லாலும் பெரும் அடுப்பு அறைகள் கட்டி, ஆயிரக்கணக்கான முட்டைகளை ஒருங்கே வைத்து, ஒரு முட்டையை எடுத்துக் கண்ணிமையின்மேல் ஒற்றிப் பார்த்தே சூட்டின் பதத்தை அறிந்துவந்தார்கள். ஐரோப்பாவில் அந்தக் கலையைச் சாஸ்திரமாக்க முயன்றவர், தம் பெயரால் ஒரு வெப்பமானியையே வழங்கிச் சென்ற பிரெஞ்சு விஞ்ஞானி ரியோமூர். அவருடைய நூல் 1749-ல் வெளியாயிற்று. கை உணர்ச்சியால் அறிந்ததைக் கருவியால் அளந்து அறியத் தொடங்கியதே அவர் செய்த பேருதவி.

முட்டை எங்கிருந்து வருகிறது என்பது முதற்காரியம். நாமக்கல்லிலிருந்து லாரி லாரியாக வந்து மளிகைக் கடைகளில் அடுக்கப்படும் வெள்ளை முட்டைகள் எத்தனை நாள் யந்திரத்தில் இருந்தாலும் பொரிக்கமாட்டா. அந்தப் பண்ணைக் கூண்டுகளில் சேவலே கிடையாது. சேவலோடு திரியும் கோழியின் முட்டையிலோ, அது இடப்படுவதற்கு முன்பே, தாயின் வயிற்றுச் சூட்டில் ஒரு நாளைய வளர்ச்சி நடந்தேறி, பல்லாயிரம் உயிரணுக்களைக் கொண்ட ஒரு வெண்புள்ளி மஞ்சட்கருவின்மேல் அமைந்துவிடுகிறது. வெளியுலகின் குளிர்ச்சி பட்டதும் அந்த வளர்ச்சி நின்று, கரு உறக்க நிலையை அடைகிறது. சுமார் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும்வரை அந்த உறக்கம் கலையாது. பதினைந்து முதல் பதினெட்டு டிகிரியில், கூர்முனை கீழாக வைத்துப் பாதுகாத்தால் ஒரு வாரம் வரையில் பழுதில்லை. நம் ஊரிலோ சித்திரை வைகாசியில் வீட்டுக்குள்ளேயே 35 டிகிரிக்குக் குறையாமல் காய்கிறது. அந்த உஷ்ணம் கருவை எழுப்பப் போதும், ஒழுங்காக வளர்க்கப் போதாது. அலமாரியில் பத்து நாள் சேர்த்துவைத்த முட்டைகளில் பல, யந்திரத்தில் ஏறுவதற்கு முன்பே தாறுமாறாக வளரத் தொடங்கி மடிந்துபோயிருக்கும். கோடையில் கூமுட்டை பெருகுவதற்குச் சேவலைக் குறை கூறுவது பலரது வழக்கம். குற்றம் பெரும்பாலும் அலமாரியினுடையது. மண்பானையில் ஈர மணல் பரப்பி, அதன்மேல் கிண்ணம் வைத்து, அதில் முட்டைகளைச் சேர்க்கும் பாட்டிமார்களின் முறை இதற்கு மிகவும் ஏற்றது. அழுக்கான முட்டையைக் கழுவுவதும் தவறு. ஓட்டின்மேல் படிந்துள்ள மெல்லிய பூச்சு கரைந்துபோய், கிருமிகளுக்கு வழி திறந்துவிடும்.

இனி ஈரத்துக்கு வருகிறேன். கோழிமுட்டையின் ஓடு கல்போல் கெட்டியாகத் தோன்றினும், அதில் ஏறத்தாழ 10,000 நுண்துளைகள் இருக்கின்றன. அமெரிக்காவில் ஹெர்மன் ரான் என்பவரும் அவருடைய சகாக்களும் பறவை முட்டைகளின் சுவாசத்தைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து 1979-ல் வெளியிட்ட கணக்கின்படி, 60 கிராம் எடையுள்ள கோழிமுட்டை ஒன்று, தன் 21 நாள் அடைக்காலத்தில் சுமார் 6 லிட்டர் பிராணவாயுவை உள்ளிழுத்து, நாலரை லிட்டர் கரியமிலவாயுவையும் 11 லிட்டர் நீராவியையும் வெளியே விடுகிறது. நுரையீரல் இயங்குவதற்கு முன்னரே, நெஞ்சு அசையாமல், வாய் திறவாமல், ஓட்டின் உட்புறமெங்கும் இரத்தக் குழாய்கள் படர்ந்த ஒரு சவ்வின் மூலமாகவே நடக்கும் சுவாசம் இது. வெளிச்செல்லும் நீராவியை எடையாகச் சொன்னால் சுமார் 9 கிராம். அதாவது முட்டையின் எடையில் ஏழில் ஒரு பங்கு.

நீர் இப்படிப் போவது நஷ்டம் என்று எண்ணலாகாது. கரு வளர்வதற்கு வேண்டிய சக்தியை மஞ்சட்கருவிலுள்ள கொழுப்பிலிருந்து பெறுகிறது. கொழுப்பு எரியும்போதெல்லாம் புதிதாக நீர் உண்டாகிறது. அந்த நீர் வெளியேறாவிட்டால், கரு தன் வீட்டுக்குள்ளேயே வெள்ளத்தில் அகப்பட்டுக்கொள்ளும். மேலும், நீர் வெளியேறிய அளவுக்கு முட்டையின் மழுங்கிய முனையில் காற்று புகுந்து ஓர் அறை அமைகிறது. பத்தொன்பதாம் இருபதாம் நாளில் குஞ்சு தன் அலகால் உட்சவ்வைக் கிழித்து, வாழ்வின் முதல் மூச்சை இழுப்பது அந்த அறையிலுள்ள காற்றைத்தான். நீர் குறைவாக வெளியேறிற்றென்றால், அறை சிறுத்து, குஞ்சு ஊதிப் பருத்து, திரும்பவும் இடமின்றி, மூச்சுக்கும் காற்றின்றி ஓட்டுக்குள்ளேயே இறந்துபோகும். அளவுக்கு மிஞ்சி வெளியேறிற்றென்றால், குஞ்சு வாடி மெலிந்து, சவ்வு உலர்ந்து உடம்போடு ஒட்டிக்கொண்டு, ஓட்டைக் கொத்தும் வலிமையை இழந்துவிடும். இருபத்தொன்றாம் நாள் யந்திரத்தைத் திறந்து பார்த்து, முழு வளர்ச்சி பெற்றும் பொரியாமலே செத்த குஞ்சுகளைக் கண்டு மனம் நொந்தவர்கள், இவ்விரண்டில் எது நேர்ந்தது என்பதை ஒரு முட்டையை உடைத்துப் பார்த்தாலே அறியலாம்.

அடையின் முதல் 18 நாளில் பெட்டிக்குள் ஈரப்பதம் 50 முதல் 55 சதவீதம் இருக்க வேண்டும் என்று நூல்கள் விதிக்கின்றன. நம் ஊருக்கு அந்த விதி எவ்வளவு கடினமானது என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். பாலக்காட்டுக் கணவாயின் வழியாக மேல்காற்று வீசும் மாதங்களிலும் கோடைப் பிற்பகல்களிலும், 30 டிகிரி உஷ்ணமுள்ள காற்றில் 40 சதவீதம் ஈரம் இருப்பதாகக் கொள்வோம். அதே காற்று பெட்டிக்குள் புகுந்து 37.5 டிகிரிக்குச் சூடேறும்போது, அதில் உள்ள நீராவி கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஆனால் சூடான காற்று மேலும் அதிக ஈரத்தைத் தாங்க வல்லதாகையால், ஈரப்பதம் 26 சதவீதமாக இறங்கிவிடுகிறது. ஐப்பசி மழைநாளில் 25 டிகிரியில் 85 சதவீதம் ஈரமுள்ள காற்றுகூட, பெட்டிக்குள் 42 சதவீதத்துக்கு மேல் நிற்பதில்லை. ஆகவே கடற்கரை ஊர்க்காரர் ஒருவர் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துக் குஞ்சு பொரித்த அனுபவத்தைக் கேட்டு, காங்கேயத்திலோ தாராபுரத்திலோ இருப்பவர் அப்படியே செய்தால், பலன் வேறாகத்தான் இருக்கும்.

பாத்திரத்தின் ஆழத்தினால் பயனில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நீர் ஆவியாவது மேற்பரப்பிலிருந்து மட்டுமே. ஆதலால் நெட்டையான டம்ளரை எடுத்துவிட்டு, அகலமான தட்டு ஒன்றில் நீர் ஊற்றி, பனியன் கம்பெனிகளில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும் கட்டிங் வேஸ்ட் துணியில் சுத்தமான ஒரு துண்டை அதில் தோய்த்து, ஒரு நுனி மேலே விரிந்திருக்கும்படி போட்டால், பரப்பு பெருகி ஈரம் உடனே உயர்கிறது. துணியின் விரிவைக் கூட்டியும் குறைத்தும் ஈரத்தை நம் விருப்பப்படி நிறுத்திக்கொள்ளலாம்.

அளப்பது எப்படி? நூற்பாலையில் வேலை செய்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரிங் பிரேம் ஓடும் கூடத்தின் சுவரில் இரண்டு வெப்பமானிகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்குவதையும், ஒன்றன் குமிழில் ஈரத்துணி சுற்றியிருப்பதையும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொண்டு காற்றின் ஈரத்தைக் கணிப்பதையும் அவர்கள் அன்றாடம் கண்டிருக்கிறார்கள். அங்கே பருத்தி நூலுக்காக 55 முதல் 60 சதவீதம் வரையில் ஈரத்தை நிறுத்துகிறார்கள். காற்று உலர்ந்தால் நூல் அறுபட்டு, பஞ்சு பறக்கிறது. அதே ஜோடி வெப்பமானியைக் காற்று ஓடும் பெட்டிக்குள் வைத்து, உலர்ந்த குமிழ் 37.5 டிகிரியும் ஈரக்குமிழ் 29 டிகிரியும் காட்டினால், ஈரப்பதம் 53 சதவீதத்தை ஒட்டி இருக்கிறதென்று நிச்சயமாகக் கொள்ளலாம். மலிவு விலை டிஜிட்டல் ஈரமானிகள் பத்துப் பன்னிரண்டு சதவீதம் வரையில் பிழை காட்டுவது சகஜம். ஈரத்துணி சுற்றிய வெப்பமானியோ ஏமாற்றுவது அரிது.

உஷ்ணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். விசிறி வைத்த பெட்டியில் 37.5 டிகிரி, விசிறி இல்லாத பெட்டியில், சூடான காற்று மேலே தேங்கிவிடுவதால், முட்டையின் மேல்முனை மட்டத்தில் வெப்பமானியை வைத்து 38.5 டிகிரி. சூடு குறைவதைக் காட்டிலும் கூடுவதே அபாயம். தாய்க்கோழி நாள்தோறும் இரையெடுக்க எழுந்துபோய்வரும் பத்திருபது நிமிஷத்தில் முட்டைகள் ஆறத்தான் செய்கின்றன. அதனால் கேடு நேர்வதில்லை. தமிழ்நாட்டில் 2008-க்குப் பின் சில வருஷங்கள் நாளில் பல மணி நேரம் மின்சாரம் நின்றுபோய், திருப்பூர்த் தொழிற்சாலைகள் ஜெனரேட்டர்களை நம்பி ஓடிய காலம் நம் நினைவிலிருந்து அகலவில்லை. அப்படி மின்சாரம் நின்றால், பதறிப்போய்ப் பெட்டியைத் திறந்து திறந்து பார்க்காமல், போர்வையால் மூடிவைப்பதே செய்யத்தக்கது. இரண்டு மூன்று மணி நேரக் குளிர்ச்சியைக் கரு பொறுத்துக்கொண்டு, சற்றுத் தாமதித்துப் பொரிக்கும். நாற்பது டிகிரியைத் தாண்டிய சூடு சில மணி நேரம் நீடித்தாலோ, கருக்கள் பல தப்புவதில்லை.

முட்டைகளைப் புரட்டுவது, கரு ஓட்டுச் சவ்வோடு ஒட்டிக்கொள்ளாதிருப்பதற்காகவும், இரத்தக் குழாய்கள் நிறைந்த சவ்வு எப்பக்கமும் பரவுவதற்காகவும். கையால் புரட்டுகிறவர்கள் நாளுக்கு மூன்று தடவைக்குக் குறையாமல், பென்சிலால் ஒரு பக்கம் அடையாளமிட்டுப் புரட்ட வேண்டும். பதினெட்டாம் நாளோடு நிறுத்திவிட வேண்டும்.

ஏழாம் நாள் இரவில், அறையை இருட்டாக்கி, செல்போன் விளக்கின்மேல் முட்டையின் மழுங்கிய முனையைப் பொருத்திப் பார்க்கும் காட்சி, எத்தனை முறை கண்டாலும் எனக்குச் சலிப்பதில்லை. கரு கூடாத முட்டை, உள்ளே மஞ்சட்கருவின் மங்கிய நிழலைத் தவிர வேறொன்றுமின்றித் தெளிவாக ஒளிர்கிறது. கரு கூடியதிலோ, செக்கச்சிவந்த ஒளியினூடே, நடுவில் ஒரு கரும்புள்ளியும், அதிலிருந்து நாற்புறமும் கிளைத்தோடும் மெல்லிய இரத்த நாளங்களும் தெரிகின்றன. சற்றே பொறுத்துப் பார்த்தால் அந்தப் புள்ளி அசைகிறது. இதயம் துடிக்கத் தொடங்குவது இரண்டாம் நாளிலேயே. நாளங்கள் சிதைந்து வட்டமாக ஒரு சிவப்புக் கோடு மட்டும் நின்றால், கரு இறந்துவிட்டதென்று அறிந்து அதை அகற்றிவிட வேண்டும். இல்லையேல் அழுகி வெடித்து மற்றவற்றையும் கெடுக்கும்.

பதினெட்டாம் நாளுக்குப் பிறகு ஈரத்தை 65, 70 சதவீதத்துக்கு உயர்த்தச் சொல்கிறார்கள். ஈரக்குமிழ் அப்போது 32 டிகிரி காட்டும். இவ்வளவு நாள் நீர் வெளியேற வேண்டும் என்று சொல்லிவிட்டு, கடைசியில் ஈரத்தைக் கூட்டுவது முரண்பாடாகத் தோன்றலாம். போக வேண்டிய நீர் பெரும்பாலும் போய்விட்டது. குஞ்சு ஓட்டில் முதல் துளையிட்ட பிறகு, வறண்ட காற்று உள்ளே புகுந்தால் சவ்வு காய்ந்த தோல்போல் இறுகிவிடும் என்பதே அதற்குக் காரணம். முதல் விரிசலுக்கும் குஞ்சு வெளிவருவதற்கும் இடையே பன்னிரண்டு மணி நேரமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். அந்த இடைவேளையில் குஞ்சு சும்மா கிடப்பதாகத் தோன்றுமேயன்றி, உண்மையில் சவ்வில் ஓடும் இரத்தத்தைத் தன் உடம்புக்குள் இழுத்துக்கொண்டும், எஞ்சிய மஞ்சட்கருவை வயிற்றுக்குள் வாங்கிக்கொண்டும் இருக்கிறது. இரக்கப்பட்டு ஓட்டை உரித்தால், இன்னும் வற்றாத நாளங்கள் அறுந்து இரத்தம் கசியும். நல்லெண்ணத்தால் மடிந்த குஞ்சுகள் எண்ணற்றவை. உள்வாங்கிய அந்த மஞ்சட்கருதான் இரண்டு மூன்று நாளைக்கு அதன் ஆகாரம். ஒருநாள் குஞ்சுகளைப் பெட்டிகளில் அடைத்து வெகுதூரம் அனுப்பும் பொரிப்பகத் தொழில் முழுவதும் இந்த ஒரு இயற்கை ஏற்பாட்டின்மீதே நிற்கிறது. உடம்பு உலர்ந்து பஞ்சுபோல் விரிந்த பின் குஞ்சுகளை எடுத்து, முதல் வாரம் 35 டிகிரிச் சூட்டில் வைத்துக் காப்பதும், வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் தடுப்பு மருந்தை ஏழாம் நாளுக்குள் கண்ணில் சொட்டாக விடுவதும் மறக்கலாகாத கடமைகள்.

முட்டை சரியான அளவு நீரை இழக்கிறதா என்பதை எந்த ஈரமானியையும்விடத் தெளிவாகச் சொல்வது தராசுதான். பதினெட்டு நாளில் நூற்றுக்கு 12 பங்கு எடை குறைய வேண்டும் என்பது கணக்கு. நாட்டுக்கோழி முட்டை 40 கிராம் என்று வைத்துக்கொண்டால், முப்பது முட்டைகள் 1,200 கிராம். நாளுக்கு 8 கிராம் வீதம் குறைந்து, ஏழாம் நாள் 1,144 கிராமும், பதினெட்டாம் நாள் 1,056 கிராமும் நிற்க வேண்டும். ஏழாம் நாளில் 1,120 ஆக இறங்கிவிட்டதென்றால் காற்று வறண்டிருக்கிறது, துணியை இன்னும் விரிக்க வேண்டும். 1,170-லேயே நிற்கிறதென்றால் ஈரம் மிகுதி, தட்டை எடுத்துவிட வேண்டும். இடையில் கூமுட்டைகளை அகற்றினால், எஞ்சியவற்றின் எடையை மறுபடியும் குறித்துக்கொண்டு கணக்கைத் தொடரலாம். எழுதி வைப்பதற்கு ஒரு நோட்டும், சமையலறைத் தராசும், இரண்டு வெப்பமானிகளும் வேண்டும், வேறொன்றும் வேண்டாம். பெரிய யந்திரம் வாங்கினால் குஞ்சு கூடுதலாகப் பொரிக்கும் என்று எண்ணிப் பணத்தைச் செலவிட நினைக்கும் நண்பர்கள், இருக்கிற பெட்டியிலேயே ஓர் ஈடு முட்டையை இவ்வாறு நிறுத்துப் பார்த்துவிட்டு, அதன்பின் முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.